ரேம் தோஷமும் எளிய பரிகாரங்களும்

கம்ப்யூட்டருக்கு எட்டு ஜிபி ரேம் வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். ரசீது கையில் இருக்கிறது. மை கம்ப்யூட்டரில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால், நிறுவப்பட்டது 8.00 ஜிபி என்று விண்டோஸும் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட கையோடு, பயன்படுத்தத் தக்கது 3.25 ஜிபி என்று பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு எழுதுகிறது. இருக்கிறது, ஆனால் இல்லை. இந்த நிலைக்கு ஆளான பினாங்குக் குடும்பங்கள் பல. அவை காலங்காலமாகக் கடைப்பிடித்துவரும் முறைகளைத் தொகுத்து இங்கே தருகிறோம். எல்லாம் ஜோர்ஜ் டவுனுக்கென்றே எழுதப்பட்டவை. கோலாலம்பூர்க்காரர்கள் கொம்தார் என்று வரும் இடத்தில் லோ யாட் பிளாசா என்றும், சிங்கப்பூர்க்காரர்கள் சிம் லிம் ஸ்குவேர் என்றும், சென்னைக்காரர்கள் ரிச்சி தெரு என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம். பலன் ஒன்றுதான்.

முதலில் நாள் குறிக்க வேண்டும். கடை திறந்திருக்கும் நேரத்தில் ரேம் மாட்டுவது அனுபவம் இல்லாதவர்களின் வழக்கம். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் வாய்த்தால் இன்னும் விசேஷம். பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுவிட்டால் தண்ணீர்மலை வரை காடி ஓட்ட வழியில்லை. எந்த உதவியும் உங்களை வந்து சேராது.

மாட்டும்போது ஒன்றை மட்டும் செய்துவிடக் கூடாது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் விசையையோ எஃப்2 விசையையோ தட்டிக்கொண்டே இருந்தால் பயோஸ் திரை வரும். விண்டோஸ் இன்னும் எழுந்திருக்காத நேரம் அது. மொத்த நினைவகம் எவ்வளவு என்று அந்தத் திரையில் ஒரு வரி இருக்கும். அங்கே எட்டு என்று இருந்தால் ரேமும் சரி, மாட்டியதும் சரி. குறை அதற்கு மேலே எங்கோ இருக்கிறது. நாலு என்று இருந்தால் குறை ரேமிலோ, போர்டிலோ, மாட்டிய விதத்திலோ. பாதிச் சிக்கலை இந்த ஒரு வரி தீர்த்துவிடும் என்பதால்தான் அதைப் பார்க்கக் கூடாது என்கிறோம். பார்த்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உங்களுக்கு வேலை இருக்காது. மாமியார் வீட்டுக்குப் போக வேண்டி வரும்.

ஆகவே பயோஸை விட்டுவிட்டு ரப்பரை எடுங்கள். பள்ளிப் பிள்ளையின் பென்சில் பெட்டியில் இருக்கும் வெள்ளை ரப்பர் போதும். ரேமைக் கழற்றி அதன் தங்கநிறப் பற்களை இருபுறமும் தேய்க்க வேண்டும். கடற்காற்றும் புழுக்கமும் உள்ள தீவு இது. பற்களில் அழுக்கு ஏறுவது உண்மை, தேய்த்த பிறகு உயிர் வந்த ரேம்களும் உண்டு. அதனால்தான் இந்தப் பரிகாரத்துக்கு இத்தனை செல்வாக்கு. ஆனால் விண்டோஸ் திரை ஏற்கெனவே எட்டு என்று எழுதியிருக்கிறது. ரேம் அழுக்காக இருந்தால் பெரும்பாலும் அந்த எட்டே வந்திருக்காது. அந்த நினைப்பு வந்தால் அடக்கிக்கொண்டு தேயுங்கள். பிறகு இரண்டு பக்கக் கொக்கிகளும் டக் என்று சத்தம் போடும்வரை அழுத்துங்கள். மடிக்கணினியாக இருந்தால் சாய்த்துச் செருகிக் கீழே மடக்க வேண்டும். டிடிஆர்3 துளையில் டிடிஆர்4 ஏறவில்லை என்றால் இன்னும் பலமாக அழுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நடுவில் உள்ள வெட்டு இடம் மாறி இருப்பது அதைத் தடுக்கத்தான். அதையும் மீறி அழுத்துகிறவர்களுக்கு எங்களிடம் பரிகாரம் இல்லை.

ரப்பர் பலிக்கவில்லையா? எம்எஸ்கான்ஃபிக் என்ற மந்திரத்துக்கு வாருங்கள். ரன் பெட்டியில் அதைத் தட்டி, பூட் பக்கத்துக்குப் போய், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தினால் 'மேக்ஸிமம் மெமரி' என்று ஒரு கட்டம் இருக்கும். பினாங்கிலிருந்து பிரேசில் வரை எல்லோரும் அதில் டிக் போட்டு உச்ச எண்ணை எழுதுகிறார்கள். அந்தக் கட்டம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. விண்டோஸ் இதற்கு மேல் நினைவகத்தைத் தொடக் கூடாது என்று வரம்பு போடும் கட்டம் அது. குறைந்த ரேமில் தங்கள் மென்பொருள் ஓடுகிறதா என்று சோதிப்பவர்களுக்காக வைத்தது. அதில் டிக் போடுவதால் ஒரு பைட்கூடக் கூடாது. எண்ணைத் தப்பாகப் போட்டால் இருப்பதும் குறையும். இருந்தாலும் ரீஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நிமிடம் குடும்பமே திரை முன் கூடி நிற்கும். அந்த ஒற்றுமைக்காகவே இதைப் பரிந்துரைக்கிறோம்.

விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருக்கும் பழைமைவாதிகளுக்குத் தனி முறை உண்டு. பூட்.ஐஎன்ஐ கோப்பைத் திறந்து, கடைசி வரியில் ஒரு சாய்கோடு போட்டு '3ஜிபி' என்று சேர்ப்பது. ஒரு தனி நிரலுக்கு இரண்டு ஜிபிக்குப் பதில் மூன்று ஜிபி இடம் தரச் சொல்லும் ஆணை அது. காணாமல் போன ரேமுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ரெஜிஸ்ட்ரி கிளீனர், ரேம் பூஸ்டர் வகையறாக்களைப் பற்றி எழுத இடம் போதாது. போட்டால் போட்டவர்தான் வருந்துவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கொம்தாருக்குக் கிளம்புங்கள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. தொலைபேசியில் எடுத்த படம் மட்டும் போதும், அதுவும் கொஞ்சம் ஆடியதாக இருக்கட்டும். கடையில் இருக்கும் தம்பியோடு நடக்க வேண்டிய உரையாடல் இது.

"பாஸ், எட்டு போட்டேன், மூணுதான் காட்டுது."

"ரேம் நல்ல ரேம்தான் அண்ணே. உங்க விண்டோஸ்தான் சரியில்ல."

"விண்டோஸும் இங்கதானே போட்டது?"

"அது போன வருஷம் வேலை செஞ்ச பையன். இப்ப சிங்கப்பூர்ல இருக்கான்."

"சரி, இப்ப என்ன செய்றது?"

"இன்னொரு எட்டு போடுங்க அண்ணே. ஃபாஸ்ட்டா இருக்கும்."

இந்தக் கடைசி வரி வருவதற்குள் திரும்பிவிட வேண்டும். திரும்பாதவர்கள் பதினாறு ஜிபி போட்டு மூன்றேகால் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் பெரியப்பா உட்கார்ந்திருப்பார். அவர் டாஸ் காலத்து ஆள். அவரிடம் பேச்சுக் கொடுத்தால் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்ட 1981-லிருந்து ஆரம்பிப்பார். அதன் 8088 சில்லு 20 பிட் முகவரிதான் எழுதும். அதனால் மொத்தமே ஒரு எம்பி. அதிலும் மேலே இருந்த 384 கேபி திரைக்கும் பயோஸுக்கும் மற்ற கார்டுகளுக்கும் என்று ஒதுக்கியாகிவிட்டது. மிச்சம் 640 கேபி. நாலு எம்பி ரேம் போட்ட சீமான்களும் 640-க்குள்தான் குடித்தனம் நடத்தினார்கள். 1991-ல் வந்த டாஸ் 5.0-வில் ஹைமெம், இஎம்எம்386 என்ற இரண்டு கோப்புகளைக் கான்ஃபிக்.சிஸ்ஸில் சரியான வரிசையில் எழுதி, மவுஸ் டிரைவரை மேலே தள்ளி, இருபது கேபி மிச்சம் பிடித்து ஒரு விளையாட்டை ஓட வைத்தவர் அவர். 1993-ல் டாஸ் 6.0 மெம்மேக்கர் என்ற நிரலோடு வந்து அந்த வேலையைத் தானே செய்தபோது, அவருடைய வித்தை போன வருத்தம் இன்னும் ஆறவில்லை. பெரியப்பா சொல்வது மூன்று மணி நேரம் ஓடும். குறுக்கே பேசாதீர்கள். உங்கள் நோய் அவர் கதையிலேயே இருக்கிறது, பிட் எண்ணிக்கை மட்டும் வேறு. அவரும் அதைக் கடைசி வரை சொல்ல மாட்டார்.

இவ்வளவு நேரமும் சமையலறையில் அத்தை இருப்பார்.

பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் இப்படி ஓர் அத்தை எப்படியும் இருப்பார். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருப்பார். பாயான் லெப்பாஸில் கிலாங் பஸ், அதாவது ஆலை பஸ், ஏறி, மூன்று ஷிப்ட் மாறி மாறிப் பார்த்து ஓய்வு பெற்றவர். முதலமைச்சர் லிம் சோங் இயூ அங்கே சுதந்திர வர்த்தக மண்டலத்தைத் திறந்த 1972-ல்தான் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே கட்டியது. இன்டெல்லோடு ஹியூலெட் பேக்கார்ட், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரோனிக்ஸ் என்று முதலில் வந்த எட்டுக்கும் 'எட்டு சாமுராய்கள்' என்று பெயர் வந்துவிட்டது. அந்த மண்டலத்து ஆலைகளில் ஆப்பரேட்டர்களாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியால் சில்லுக்கும் காலுக்கும் இணைப்புப் போட்டார்கள். இன்னும் சிலர் சில்லு ஓடுகிறதா, சூட்டில் தாங்குகிறதா என்று சோதித்துத் தரம் பிரித்தார்கள்.

அந்த 1972-ல் இன்டெல்லை உலகம் அறிந்திருந்தது பிராஸஸருக்காக அல்ல, நினைவகத்துக்காக. 1970-ல் வெளியான அதன் 1103 என்ற சில்லு 1,024 பிட்டுகளைத் தாங்கியது. உங்கள் எட்டு ஜிபியை அந்தச் சில்லுகளால் கட்ட வேண்டுமானால் ஆறு கோடியே எழுபத்தோரு லட்சம் சில்லு தேவை. விண்டோஸ் கண்ணில் படாத நாலேமுக்கால் ஜிபி மட்டும் ஏறக்குறைய நாலு கோடி. ஜப்பானியர்கள் விலையில் முந்திவிட்டதால் 1985-ல் இன்டெல் டிராம் நினைவகத்தைக் கைகழுவிப் பிராஸஸருக்குத் திரும்பியது. பழைய பிராஸஸரின் மேல்மூடியில் காய்ந்த பேஸ்டைத் துடைத்துப் பார்த்தால் பல நேரம் 'மலாய்' என்று அச்சிட்டிருக்கும். அது இங்கே உருவாகி உலகம் சுற்றி, கொம்தார் வழியாக உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. இப்போது அத்தையின் தெருவிலேயே தகராறு செய்கிறது.

அத்தையிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. இந்த வழிகாட்டியின் விதிப்படியும் அவரிடம் கடைசியாகத்தான் கேட்க வேண்டும். ஆனால் தே தாரிக் கொண்டுவந்து வைக்கும்போது அவராகவே கேட்டுவிடுவார்.

"என்னடா, காலையிலேருந்து அதையே நோண்டிக்கிட்டு இருக்க?"

"ரேம் காட்ட மாட்டேங்குது அத்தை."

"பயோஸ்ல எவ்ளோ காட்டுது?"

பெரியப்பா இருமுவார். நீங்கள் ரீஸ்டார்ட் செய்து டெலீட்டைத் தட்டுவீர்கள். 8192 எம்பி என்று வரும்.

"அப்ப ரேம்ல ஒன்னும் இல்ல. விண்டோஸ் எத்தன பிட்டு?"

"முப்பத்திரெண்டு."

"பின்ன எப்படிக் காட்டும்?"

மீதியை அத்தையே சொல்வார். அவர் கையில் இருக்கும் ஒரே உதாரணம் அவர் பிறந்து வளர்ந்த கடைவீட்டு வரிசைதான். ஐந்தடி நடைபாதை ஓடும் ஒரு நீளமான தெரு. நகராட்சி அந்தத் தெருவுக்குத் தந்திருக்கும் கதவு எண்கள் இத்தனைதான் என்று முன்பே முடிவாகிவிட்டது. 32 பிட் என்றால் 4,29,49,67,296 கதவு எண். ஒரு பைட்டுக்கு ஒன்று. சரியாக நாலு ஜிபி. அந்த எண்கள் ரேமுக்கு மட்டும் என்றும் நினைக்காதே. கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, பயோஸ், போர்டில் உள்ள ஒவ்வொரு சில்லும் தெருக்கோடியில் தனக்கு என்று எண்களைப் பிடித்து வைத்திருக்கிறது. அவை உட்கார்ந்த இடத்துக்குரிய ரேமுக்குக் கதவு எண் கிடையாது. மூன்றேகாலோடு வரிசை முடிந்துவிடும். அதற்குப் பின்னால் எத்தனை வீடு கட்டினாலும் தபால்காரன் போக மாட்டான்.

"அப்ப முப்பத்திரெண்டு பிட்டுக்கு அதுக்கு மேல எண்ணவே தெரியாதா அத்தை?"

தெரியும். அதுதான் கோபம் வரவழைக்கும் பகுதி. 1995-ல் வந்த பென்டியம் புரோவிலிருந்தே இன்டெல் சில்லுகள் பிஏஇ என்ற முறையில் 36 பிட் முகவரி எழுதத் தெரிந்தவை. 64 ஜிபி வரை போகும். மைக்ரோசாஃப்டின் 2003 சர்வரில் விலை உயர்ந்த பதிப்பு 32 பிட்டிலேயே 64 ஜிபி எண்ணியது. லினக்ஸும் எண்ணியது. விண்டோஸின் வீட்டுப் பதிப்புகளில் நாலுக்கு மேல் எண்ணாதே என்று கட்டிப்போட்டார்கள். நாலு ஜிபிக்கு மேல் முகவரி வந்தால் பல டிரைவர்கள் மேல் பிட்டுகளைத் தவறவிட்டு விண்டோஸையே விழத்தட்டின என்று மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் 2008-ல் விளக்கினார். நியாயமான காரணம்தான். ஆனால் 2009-ல் விண்டோஸ் 7 வந்தபோது ஸ்டார்ட்டர் பதிப்புக்கு 2 ஜிபி, 64 பிட் ஹோம் பேசிக்குக்கு 8, ஹோம் பிரீமியத்துக்கு 16, புரொஃபஷனலுக்கு 192 என்று வரம்பு போட்டார்களே, அதற்கு எந்த டிரைவரையும் குறை சொல்ல முடியாது. கொடுத்த காசுக்கு ஏற்ற எண்ணிக்கை, அவ்வளவே. இன்னொரு வேடிக்கையும் உண்டு. விஸ்டா முதலில் பயன்படுத்தக் கூடிய அளவை மட்டும்தான் காட்டியது. 2008-ன் முதல் சர்வீஸ் பேக்குக்குப் பிறகு நிறுவப்பட்ட அளவைக் காட்ட ஆரம்பித்தது. குறை அப்படியே இருந்தது, திரையில் எண் மட்டும் பெரிதானது.

ஆக, பரிகாரம் என்று சொல்லத் தகுந்தது ஒன்றுதான்: 64 பிட் விண்டோஸ். 32 பிட்டின் மேலேயே அதை ஏற்ற முடியாது. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். போடும் முன் அத்தை கேட்கும் இரண்டாவது கேள்விக்கும் பதில் தேடுங்கள்: போர்டு எது? 2005-ல் வந்த இன்டெல் 945 சிப்செட் போர்டாக இருந்தால் அதற்கே நாலு ஜிபிக்கு மேல் முகவரி இல்லை. எந்த விண்டோஸ் போட்டும் பயனில்லை. அதற்குப் பிந்திய சில போர்டுகளில் பயோஸுக்குள் 'மெமரி ரீமேப்' என்று ஒரு அமைப்பு அணைந்து கிடக்கும். அந்த ஒரு வரியை 'எனேபிள்' செய்தால், சாதனங்கள் பிடித்த இடத்து ரேம் நாலு ஜிபிக்கு மேலே புது எண்ணோடு போய் உட்காரும். 64 பிட் இருந்தும் எண்ணிக்கை குறைகிறவர்களில் பலருக்கு இதுவே போதும்.

இத்தனை எளிது என்றால் ஏன் இன்னும் இவ்வளவு 32 பிட்? லெபோ பசார் பக்கம் துணிக்கடை கல்லாவிலும், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சுக்கூடத்திலும் போய்க் கேட்டுப் பாருங்கள். கல்லாவில் ஓடுவது டாஸ் காலத்து பில்லிங் புரோகிராம். 16 பிட் நிரல் எதையும் 64 பிட் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளாது. அச்சுக்கூடத்து பிரிண்டருக்கு 32 பிட் டிரைவர் மட்டும்தான் உண்டு. அதைச் செய்த கம்பெனிக்காரனுக்கே அது மறந்துபோயிருக்கும். இவர்கள் எட்டு ஜிபி போட்டு மூன்றேகாலில் ஓட்டுவதே புத்திசாலித்தனம். தவணை முறையில் வாங்கிய நாலேமுக்காலை மறந்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கலாம். விண்டோஸ் 11-ல் 32 பிட்டே கிடையாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. துணிக்கடை முதலாளியிடம் இதைச் சொன்னால், இணையத்தில் சேர்க்காத கம்ப்யூட்டருக்கு ஆதரவு எதற்கு என்று கேட்பார். அவர் கேட்பதும் சரிதான்.

நீங்கள் அச்சுக்கூடம் நடத்தாதவர் என்று வைத்துக்கொள்வோம். 64 பிட் போட்டாயிற்று, ரீமேப் திறந்தாயிற்று. திரையில் 7.88 ஜிபி. மிச்சம் எங்கே என்று பெரியப்பா கேட்பார். போர்டிலேயே இருக்கும் கிராஃபிக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொண்டது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்று கணக்கு எழுதியிருக்கும். பயோஸில் அதைக் குறைக்கலாம், ஆனால் படம் பார்க்கும்போது திணறலாம். அந்தக் கொஞ்சத்துக்காக இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுப்பது அவரவர் குடும்ப நிலவரத்தைப் பொறுத்தது.

கழற்றிய பழைய ரேமை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஏஐ தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போனதால் 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. பாலத்துக்கு அப்பால் பத்து காவானில் 2023-ல் புது ஆலை திறந்த மைக்ரான், வீட்டுக்காரர்களுக்கு விற்கும் தன் கிருஷியல் ரேம் வியாபாரத்தையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்துவிட்டது. கொம்தார் தம்பி இப்போது தானாகவே வாட்ஸ்அப் அனுப்புவான்: "அண்ணே, பழைய நாலு ஜிபி ஏதும் கைவசம் இருக்கா? நல்ல வெல தரேன்." எத்தனை வெள்ளி என்று பதில் போடுவதற்கு முன் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.